மகத்தின் அருகே ஒரு மங்கிய மண்டலம்

வானியல்: வாசகர் கேள்வி – பதில்

மகம் விண்மீனுக்கு மிக அருகில் லியோ-1 என்னும் குள்ள விண்மீன் மண்டலம் (கலக்சி) ஒன்று இருப்பதையும், 1950 வரை அது எவருக்கும் தெரியாமல் இருந்ததையும் சென்ற இதழில் இரண்டு வரிகளில் குறிப்பிட்டிருந்தோம். அதன் பின்னர் வன்னியின் பல ஊர்களிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் இந்த ஒரு பொருளைப் பற்றியே கேட்டிருந்தமையால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியுள்ளோம்.

எங்கள் பாடசாலையில் 8 அங்குல ஆடியுடைய டொப்சோனியன் தொலைகாட்டி ஒன்று உள்ளது. மாணவர்களுடன் சேர்ந்து அதை மகத்தை நோக்கித் திருப்பிப் பார்த்தோம். கண்ணைக் கூச வைக்கும் ஒளியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. இந்தக் கருவியால் லியோ-1 ஐக் காண இயலுமா?
– ஆசிரியர் ஒருவர், மாங்குளம்

இயலும். ஆனால் அதற்கு மகத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டும். உங்கள் முயற்சியில் தடையாக நின்றது அது ஒன்றுதான்.

மகத்தின் ஒளிர்வெண் 1.4. லியோ-1 இன் மொத்த ஒளிர்வெண் ஏறத்தாழ 10. ஒளிர்வெண்ணில் 5 கூடினால் ஒளி நூறு மடங்கு குறையும் என்பதால், இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஆயிரக்கணக்கான மடங்காகிறது. அந்தக் குறைந்த ஒளியும் ஒரு புள்ளியில் திரண்டிருக்கவில்லை. ஏறத்தாழ 10 கலை நீளமும் 7 கலை அகலமும் கொண்ட ஒரு முட்டை வடிவப் பரப்பெங்கும் பரந்து கிடக்கிறது. ஒரு பாகைக்கு 60 கலை என்பதும் முழுநிலவின் விட்டம் ஏறத்தாழ 30 கலை என்பதும் உங்கள் மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். மண்டலத்தின் நடுப்பகுதி மகத்துக்கு நேர் வடக்கே ஏறத்தாழ 20 கலை தூரத்தில், அதாவது நிலவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி இருக்கிறது. இதனால் குறைந்த உருப்பெருக்கத்தில் அகன்ற வெளியைப் பார்க்கும்போது மகமும் உள்ளே வந்துவிடுகிறது. பெற்றோல்மாக்ஸ் விளக்குக்குப் பின்னால் நிற்பவரின் முகத்தைப் பார்க்க நாம் கையை உயர்த்தி விளக்கை மறைப்பதில்லையா, அதைத்தான் இங்கே பார்வைத்துண்டின் (கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லைப் பகுதியின்) விளிம்பைக் கொண்டு செய்ய வேண்டும்.

8 அங்குலக் கருவிகளிற் பலவற்றின் குவியத்தூரம் 1200 மில்லிமீற்றர். அதில் 12 மில்லிமீற்றர் பார்வைத்துண்டைப் பொருத்தினால் உருப்பெருக்கம் 100 ஆகும். சாதாரண வகைப் பார்வைத்துண்டாயின் கண்ணுக்குத் தெரியும் வானத்தின் விட்டம் ஏறத்தாழ 30 கலை. மண்டலத்தை நடுவில் வைத்தால் விளிம்பு 15 கலையில் முடிந்துவிடும். 20 கலை தூரத்தில் உள்ள மகம் வெளியே நிற்கும். ஆகவே முதலில் மகத்தை நடுவில் நிறுத்திக் குவியத்தைத் துல்லியமாகச் சரிசெய்யுங்கள். அதன் பின் குழாயை மெதுவாக வடக்கு நோக்கித் தள்ளுங்கள். குழாயை வடக்கே நகர்த்தும்போது எந்தப் பக்கத்தால் புதிய விண்மீன்கள் உள்ளே வருகின்றனவோ அதுவே பார்வைத்துண்டில் வடக்குத் திசை. மகம் எதிர்ப்பக்க விளிம்பைத் தாண்டி, அதன் ஒளிச்சிதறலும் ஓய்ந்த பின்னர், நடுப்பகுதியில் வெறும் வானத்தை விடச் சற்றே வெளிறிய ஒரு திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குக் கூர்மையான ஓரம் கிடையாது; நடுவில் திரண்ட கருவும் கிடையாது. பலர் தேடுவது பளிச்சிடும் ஒரு பொருளை. இங்கே கிடைப்பது வானத்தின் கருமையில் ஏற்படும் மிக மெல்லிய மாற்றம் மட்டுமே.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருட்டுக்குக் கண் பழக அரை மணித்தியாலம் ஆகும். கைத்தொலைபேசியை ஒருமுறை திறந்து பார்த்தாலே அந்த அரை மணித்தியாலம் வீணாகிவிடும். வரைபடத்தைப் பார்க்க ரோச் வெளிச்சம் தேவையானால் அதன் முகப்பைச் சிவப்புக் கடதாசியால் மூடி, எவ்வளவு மங்கலாக வைக்க முடியுமோ அவ்வளவு மங்கலாக வையுங்கள். மங்கிய ஒளியை உணரும் கோற்கலங்கள் விழித்திரையின் நடுவில் இல்லை. நடுவைச் சுற்றியே செறிந்திருக்கின்றன. எனவே பொருளை நேராக உற்றுப் பார்க்காமல் சற்று விலகிப் பார்க்க வேண்டும். வலக்கண்ணால் பார்ப்பவர் பொருளுக்கு வலப்புறமாகவும், இடக்கண்ணால் பார்ப்பவர் இடப்புறமாகவும் பார்வையைச் செலுத்துவது நல்லது. மறுபக்கம் விலகினால் பொருளின் விம்பம் கண்ணின் குருட்டுப் புள்ளியில் விழுந்து அறவே மறைந்துபோகக்கூடும். அப்படிப் பார்த்தபடியே குழாயை விரலால் மெல்லத் தட்டுங்கள். அசையாத மங்கல் ஒன்றைத் தவறவிடும் கண், அதே மங்கல் அசையும்போது பிடித்துக்கொள்ளும்.

ஆடியில் தூசி படிந்திருந்தாலோ பார்வைத்துண்டில் விரல் எண்ணெய் ஒட்டியிருந்தாலோ மகத்தின் ஒளி வெளி முழுவதும் சிதறும். மற்ற மண்டலங்களைப் பார்க்கும்போது இவற்றைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. லியோ-1 இல் மட்டும் வெற்றியும் தோல்வியும் இதிலேயே தங்கியிருக்கின்றன.

எந்த மாதத்தில், எத்தனை மணிக்குப் பார்ப்பது பொருத்தம்? வன்னியில் இருப்பதால் எங்களுக்கு ஏதேனும் வாய்ப்பு உண்டா?
– வாசகி, கிளிநொச்சி

நிச்சயமாக உண்டு, அதுவும் பெரிய வாய்ப்பு. வன்னி ஏறத்தாழ வடக்கு 9 பாகை அகலாங்கில் இருக்கிறது. மகம் வான நடுக்கோட்டுக்கு வடக்கே 12 பாகையில் உள்ளது. ஆகவே அது உச்சியை அடையும்போது உங்கள் தலைக்கு நேர் மேலிருந்து 3 பாகை மட்டுமே வடக்கே விலகி நிற்கும். தலைக்கு மேலே காற்றின் தடிப்பு மிகக் குறைவு. அடிவானத்தில் ஒளியைத் தின்றுவிடும் புழுதியும் ஈரமும் அங்கே குறைவு. இந்த மண்டலத்தைக் கண்டுபிடித்த, கலிபோர்னியாவில் உள்ள பலோமர் ஆய்வகத்திலிருந்து பார்த்தால்கூட அது உச்சியிலிருந்து 20 பாகைக்கு மேல் சரிந்துதான் தோன்றும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் நிலை இன்னும் மோசம்.

பெப்ரவரி நடுப்பகுதியில் நள்ளிரவு தாண்டி அரை மணித்தியாலத்திலும், மார்ச் நடுப்பகுதியில் இரவு பத்தே முக்கால் அளவிலும், ஏப்ரல் நடுப்பகுதியில் எட்டே முக்கால் அளவிலும் மகம் உச்சிக்கு வரும். ஆனால் டொப்சோனியன் வைத்திருப்பவர்கள் சரியாக அந்த நேரத்தில் பார்க்கக் கூடாது. அவ்வகைக் கருவி நேர் மேலே நோக்கும்போது பக்கவாட்டில் திருப்பப் பிடி கொடுக்காது. பொருள் நகர நகர அதைப் பின்தொடர்வது பெரும் தொல்லையாகிவிடும். உச்சியை அடைவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னரோ பின்னரோ அது ஏறத்தாழ 75 பாகை உயரத்தில் இருக்கும். காற்றின் தடையும் குறைவு, கருவியும் இலகுவாகத் திரும்பும். அதுவே சரியான நேரம்.

பெப்ரவரியிலும் மார்ச்சிலும் வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். ஆயினும் காலபோக அறுவடை முடிந்து வைக்கோலும் தாளும் எரிக்கப்படும் நாள்களில் புகை தாழப் படிந்து வானத்தை வெளிறச் செய்யும். இடையில் ஒரு மழை பெய்து ஓய்ந்த மறுநாள் இரவு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். பனி கடுமையான இரவுகளில் பார்வைத்துண்டு மூச்சுப் பட்டாலே மங்கிவிடும். மாற்றுப் பார்வைத்துண்டை உடுப்புப் பையில் வைத்து உடற்சூட்டில் வைத்திருங்கள்.

இடத்தைத் தெரிவு செய்வதிலும் கவனம் தேவை. இருட்டான இடம் வேண்டும் என்பதற்காகக் காட்டோரக் குளக்கட்டுகளுக்குத் தனியே போக வேண்டாம். அங்கு இரவில் யானை வரும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் நிலங்களுக்குள் எக்காரணம் கொண்டும் கால் வைக்க வேண்டாம். பாடசாலை மைதானம், கோயில் வெளிவீதி, வீட்டு முற்றம் ஆகியவற்றில் வெளி விளக்கை அணைத்துவிட்டாலே போதும். வன்னியின் கிராமங்களில் இன்னும் அந்த அளவுக்கு இருள் உண்டு. கொழும்பில் எவ்வளவு பெரிய கருவி வைத்திருப்பவருக்கும் கிடைக்காத ஒன்று அது.

மகம் பண்டைக்காலத்திலிருந்தே எல்லோரும் அறிந்த நட்சத்திரம். அதன் பக்கத்திலேயே இருந்த ஒன்றை 1950 வரை எவரும் காணாமல் விட்டது எப்படி? யார் கண்டுபிடித்தார்கள்?
– உயர்தர மாணவி, முல்லைத்தீவு

உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மகத்தின் பக்கத்தில் இருந்தமையால்தான் அது தப்பியது.

சிம்ம (லியோ) ராசிப் பகுதியை வானியலாளர் கவனிக்காமல் விட்டதில்லை. பிரான்சைச் சேர்ந்த சார்ள்ஸ் மெசியேயின் பட்டியலில் எம்.65, எம்.66 ஆகிய இரு மண்டலங்கள் 1780 இல் சேர்ந்தன. அவற்றின் பக்கத்திலேயே உள்ள, அவற்றிலும் மங்கலான என்.ஜி.சி. 3628 என்ற மண்டலத்தை வில்லியம் ஹேர்ஷல் 1784 இல் கண்டார். அவருடைய கருவியின் ஆடி 18 அங்குலத்துக்கும் மேற்பட்டது. வானத்தைப் பட்டை பட்டையாகத் துழாவி ஆயிரக்கணக்கான மங்கிய பொருள்களைப் பதிந்தவர் அவர். அத்தகையவரின் பட்டியலிலும் லியோ-1 இல்லை. மகம் போன்ற மிகப் பிரகாசமான முதல் நிலை விண்மீன் ஒன்று பார்வைக்குள் வரும்போது கண் சுருங்கிவிடுகிறது. அது வெளியேறிய பின்னரும் சிறிது நேரம் இருட்டுப் பார்வை திரும்புவதில்லை. தேடுபவர் அந்த இடத்தை விரைவாகக் கடந்துவிடுவது இயல்பு. இங்கே ஒரு பொருள் இருக்கிறது என்று முன்னரே அறிந்தவர் மட்டுமே நின்று பார்ப்பார். அது ஹேர்ஷலுக்குக் கிடைக்காத வசதி.

கலிபோர்னியாவின் பலோமர் மலையில் 48 அங்குல ஷ்மிட் தொலைகாட்டி நிறுவப்பட்ட பின்னரே நிலைமை மாறியது. அக்கருவி ஒரே தடவையில் 6 பாகைக்கும் அதிகமான அகலமுள்ள வானத்தை 14 அங்குலச் சதுரக் கண்ணாடித் தட்டு ஒன்றில் பதியும். வடவானம் முழுவதையும் நீல ஒளியிலும் செவ்வொளியிலும் இரட்டையாகப் பதிவு செய்யும் பெரும் பணி 1949 இல் தொடங்கி 1950களில் நடந்தது. நஷனல் ஜியோகிரபிக் சங்கம் அதற்கு நிதி வழங்கியது. அத்தட்டுகளை ஆராய்ந்த அல்பேர்ட் வில்சன், ரொபேர்ட் ஹரிங்டன் ஆகிய இருவரும் 1950 இல் லியோ-1 ஐயும், அதே ராசியில் உள்ள லியோ-2 ஐயும் அறிவித்தார்கள். முந்திய ஆண்டில் வில்சன்–ஹரிங்டன் வால்வெள்ளியைக் கண்டவர்களும் இவர்களே.

மண்டலத்தின் பரவல் வடிவம் அவர்களுக்குப் புதிராக இருக்கவில்லை. தென்னாபிரிக்காவில் எடுக்கப்பட்ட தட்டுகளைக் கொண்டு ஹார்லோ ஷாப்லி 1938 இல் அறிவித்த 'ஸ்கல்ப்டர்' என்ற குள்ள மண்டலம், கருவும் சுருளும் இல்லாமல் விண்மீன்கள் ஐதாகத் தூவப்பட்ட இவ்வகைக்கு முன்மாதிரியாக இருந்தது. அப்படி ஒரு வகை உண்டு என்பது தெரியாதிருந்தால், மகத்தின் ஒளிவட்டத்துக்குப் பக்கத்தில் தட்டில் தெரிந்த மங்கலைப் படப்பதிவின் குறையென ஒதுக்கியிருக்க இடமுண்டு என்பது எமது கருத்து. கண்டுபிடிப்பில் கருவிக்கு எவ்வளவு பங்கு இருந்ததோ, எதைத் தேடுகிறோம் என்ற அறிவுக்கும் அவ்வளவு பங்கு இருந்தது.

இரண்டும் அருகருகே தோன்றுவது நமது பார்வைக்கோட்டால் வந்த ஒற்றுமை. மகம் 79 ஒளியாண்டு தூரத்தில் உள்ளது. லியோ-1 ஏறத்தாழ 8 இலட்சத்து 20 ஆயிரம் ஒளியாண்டு தூரத்தில், மகத்தை விடப் பத்தாயிரம் மடங்குக்கும் அப்பால் உள்ளது. நமது பால்வீதியைச் சூழ்ந்துள்ள துணை மண்டலங்களுள் மிகத் தொலைவில் இருப்பவற்றில் இதுவும் ஒன்று. அவ்வளவு தொலைவில் இருந்தும் வேகமாக நகர்வதால், பால்வீதியின் மொத்தத் திணிவைக் கணிப்பவர்களுக்கு இச்சிறு மண்டலத்தின் இயக்கம் முக்கியமான சான்றாகிறது.

மாசி மகத்தன்று இரவு பார்க்கலாமா?
– வாசகர், வவுனியா

கூடாது. மாசி மகத்தன்று நிலவு முழுமையாகி மகத்தின் அருகிலேயே நிற்கும். அன்று மகத்தையே சற்றுத் தேடித்தான் காண வேண்டியிருக்கும். அதற்கு இரண்டு கிழமை முன்னரோ பின்னரோ வரும் அமாவாசையை ஒட்டிய நாள்களே உகந்தவை. ஆனால் மாசி மகத்தன்று ஒன்றைச் செய்யலாம்: நிலவின் பக்கத்தில் நிற்கும் அந்த விண்மீனை வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டி, இடத்தை நினைவில் வைக்கச் சொல்லலாம்.

வயலில் காவல் கொட்டிலில் இரவு முழுவதும் இருக்கிறேன். தொலைகாட்டி கிடையாது. வெறுங்கண்ணாலோ பைனாகுலராலோ இதைக் காண முடியுமா?
– விவசாயி, ஒட்டுசுட்டான்

வெறுங்கண்ணால் முடியாது. பைனாகுலரிலும் மகத்தின் ஒளி அதை மூடிவிடும். ஆயினும் உங்களிடம் இருக்கும் இருட்டு வீணல்ல. 10×50 பைனாகுலர் ஒன்று கிடைத்தால், சிம்மத்தின் பின்புறத்தில் முன்னர் சொன்ன எம்.65, எம்.66 ஆகிய இரண்டையும் மிக மங்கிய இரு திட்டுகளாகக் காணலாம். ஏதேனும் ஒன்றில் முழங்கையை ஊன்றிப் பார்த்தால் கை நடுங்காது. கருவி எதுவுமே இல்லாவிட்டால், தை மாதத்து முன்னிரவில் வடமேற்கு வானில் அந்திரோமேடா மண்டலத்தை நீள்வட்டப் புகைத்திட்டாக வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். அது லியோ-1 ஐ விட மும்மடங்கு தொலைவில், 25 இலட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் உள்ளது. ஆனாலும் எளிதில் தெரிகிறது. ஏனெனில் அது மிகப் பெரியது, அதன் விண்மீன்கள் நடுவில் செறிந்துள்ளன. தொலைவு மட்டுமே ஒரு பொருளை மங்கச் செய்வதில்லை என்பதற்கு இவ்விரண்டையும் விட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

விளிம்பில் ஏதோ வெளிறியது போல எனக்குத் தோன்றியது. அது உண்மையில் மண்டலமா, மகத்தின் ஒளிச்சிதறலா, என் கற்பனையா என்று எப்படி உறுதி செய்வது?
– வாசகர், புதுக்குடியிருப்பு

வந்த கடிதங்களில் எம்மை மிகவும் மகிழ்வித்தது இதுவே. இந்தக் கேள்வியைத் தம்மிடமே கேட்டுக்கொள்பவர்தான் நம்பத் தகுந்த அவதானி.

சிதறலைப் பிரித்தறிய ஓர் உறுதியான வழி உண்டு. பார்வைத்துண்டினுள் எதிரொளித்து உண்டாகும் போலித் திட்டு, மகம் வெளிக்குள் எங்கே நிற்கிறதோ அதைப் பொறுத்து இடம் மாறும். குழாயைச் சிறிது நகர்த்தினால் போலித் திட்டு விண்மீன்களுடன் சேர்ந்து நகராது. வேறு பக்கமாக ஓடும் அல்லது மறைந்துவிடும். மண்டலமோ தன்னைச் சுற்றியுள்ள மங்கிய விண்மீன்களுடன் பிணைந்தே நகரும். ஆகையால் முதலில் அந்த வெளியில் தெரியும் சில மங்கிய விண்மீன்களைக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். திட்டு எவற்றுக்கு இடையில் இருக்கிறது என்று குறியுங்கள். பிறகு பார்வைத்துண்டை மாற்றி, கருவியைத் திருப்பி, மீண்டும் தேடுங்கள். அதே விண்மீன்களுக்கு இடையில் அதே திட்டு வந்தால் அது வானத்தில் இருக்கிறது.

அடுத்து, மகத்துக்குத் தெற்கே அதே 20 கலை தூரத்தில் உள்ள வெறும் வானத்தையும் அதே முறையில் பாருங்கள். அங்கும் அதே வெளிறல் தோன்றினால் நீங்கள் கண்டது மகத்தின் ஒளிதான். வடக்கே மட்டும் தோன்றினால் நம்பிக்கை கூடும்.

கற்பனையைப் பிரித்தறிய இன்னொருவர் வேண்டும். இருவரும் ஒருவரோடொருவர் பேசாமல், தனித்தனியே பார்த்து, தனித்தனியே வரையுங்கள். திட்டின் இடமும் அது நீண்டிருக்கும் திசையும் இரு தாள்களிலும் ஒத்திருந்தால் அது கற்பனையன்று. படத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டுக் கருவிக்குப் போனால், கண் அந்தப் படத்தையே வானத்தில் தேடத் தொடங்கிவிடும். எனவே இடத்தைக் காட்டும் வரைபடத்தை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். புகைப்படத்தைப் பிறகு ஒப்பிடுங்கள்.

கொப்பியில் திகதி, நேரம், ஆடியின் அளவு, உருப்பெருக்கம், புகை அல்லது பனியின் நிலை ஆகியவற்றுடன், கண்டதை மூன்றில் ஒன்றாக எழுதுங்கள்: தொடர்ந்து தெரிந்தது, விட்டுவிட்டுத் தெரிந்தது, தெரியவில்லை. 'தெரியவில்லை' என்ற பதிவும் முழுமையான பதிவே. ஒரே கருவியால் புகை படிந்த இரவில் தெரியாமல் போய், மழைக்குப் பிந்திய இரவில் தெரிந்தால், அவ்விரு பதிவுகளும் சேர்ந்து உங்கள் ஊர் வானத்தின் தரத்தை அளந்துவிடுகின்றன.

லியோ-1 ஐக் கண்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன?
– மாணவன், மல்லாவி

அதே தட்டுகளில் அதே இருவர் கண்ட லியோ-2. இதற்கும் வழிகாட்ட நம் பஞ்சாங்கத்து நட்சத்திரமே நிற்கிறது. பூரத்தின் இரு விண்மீன்களுள் வடக்கே உள்ளதிலிருந்து இன்னும் ஒன்றரைப் பாகைக்குச் சற்று அதிகமாக வடக்கே போக வேண்டும். அந்த விண்மீன் மகத்தை விட மங்கலானது. தொலைவும் போதியது என்பதால் கூசும் ஒளியின் தொல்லை இல்லை. ஆனால் மண்டலத்தின் ஒளிர்வெண் ஏறத்தாழ 12 என்பதால் 8 அங்குலக் கருவிக்கு அது மிகக் கடினமான இலக்கு. 12 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள ஆடி இருந்தால் நம்பிக்கையுடன் தேடலாம். அதற்கு முன்னர் எம்.65, எம்.66 பக்கத்தில் உள்ள என்.ஜி.சி. 3628 ஐ உங்கள் கருவியால் பிடித்துப் பழகுங்கள். அதன் நீண்ட ஒல்லியான வடிவத்தை விலகிய பார்வையால் முழுமையாகப் பார்க்க முடிந்த இரவில், குழாயைப் பூரத்தின் பக்கம் திருப்புங்கள்.